தோற்றவர் படியில்

எனக்கு மாடிப்படி ஏறுவது பிடிக்காது. வலது முட்டி பத்து வருடமாகத் தகராறு செய்கிறது. இங்கே வந்ததும் வாசலில் நின்ற காவலரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, லிஃப்ட் ஓடுகிறதா என்பதுதான். ஓடுகிறது என்றார். அதனால்தான் இவ்வளவு தெம்பாக உங்கள் மூவர் முன்னாலும் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. விசாரணை முடிந்துவிட்டது, அறிக்கையும் தயார். அதன் நகலை எங்கள் லேப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். 'ரீஏஜென்ட் என்ற சோதனை ரசாயனப் பெட்டியில் கோளாறு, இயந்திரம் நம்பத் தகுந்ததல்ல, இந்தச் சோதனையை நிறுத்திவிடலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த இயந்திரத்தோடு நான் ஆறு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அது ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. வாயில்லாத ஜீவன் மேல் பழி போட்டால் அதற்காக யாராவது பேச வேண்டுமல்லவா? அதனால்தான் வந்தேன்.

முதலில் சோதனையைப் பற்றி இரண்டு வார்த்தை. உங்களில் ஒருவர் நிர்வாகம், ஒருவர் சட்டம் என்று கேள்விப்பட்டேன், அவர்களுக்காகச் சொல்கிறேன். குடலில் ஓட்டை விழுந்தாலோ, குடல்வால் வெடித்தாலோ உள்ளே இருக்கிற கிருமி வயிறு முழுக்கப் பரவி, பிறகு ரத்தத்தில் கலக்கும். அப்போது ரத்தத்தில் சில பொருள்கள் ஏறும். அதில் முக்கியமானதுக்குப் பெயர் நீளம், நாங்கள் சுருக்கமாகப் பி.சி.டி. என்போம். அரைக்குக் கீழே இருந்தால் நிம்மதி. இரண்டைத் தாண்டினால் கவலை. பத்தைத் தாண்டினால் ஓட வேண்டும். நோயாளி தேறிக்கொண்டிருந்தால் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய பாதியாகக் குறையும். தேறாவிட்டால் ஏறும். லாக்டேட் என்று இன்னொன்று உண்டு. உடம்பு மூச்சுத் திணறுவதை அது காட்டிக்கொடுக்கும். வயிற்றைத் திறந்து பார்க்காமலே உள்ளே நடப்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடும். அருமையான விஷயம்.

எங்கள் லேப் அடித்தளத்தில் இருக்கிறது. வெளியே பார்க்க ஜன்னல் கிடையாது, நடைபாதைப் பக்கம் சாம்பிள் வாங்க ஒரு சின்ன ஜன்னல் மட்டும். இருபத்தெட்டு வருடமாக அங்கே உட்கார்ந்திருந்தேன். மேலே நாலாவது மாடியில் உயிர் பிழைத்தவர்கள் டாக்டருக்குக் கைகூப்பிவிட்டுப் போவார்கள். அடித்தளத்துக்கு யாரும் இறங்கி வந்து கைகூப்பியதில்லை. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடக் கடைசியில் புது சர்ஜன் வந்தார். பெண். வேகமான நடை, அதைவிட வேகமான வாய். வந்த மூன்றாவது நாளே ஒரு ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக லேப்புக்கு இறங்கி வந்தார்.

"யாரு இந்த நம்பரைப் போட்டது? பதினொண்ணாம். அந்த வயித்தை இப்பதான் தொட்டுப் பார்த்தேன், பஞ்சு மாதிரி இருக்கு."

"வயிறு நடிக்கும் மேடம். ரத்தத்துக்கு நடிக்கத் தெரியாது" என்றேன்.

"என் கை பதினாறு வருஷமா ஏமாந்ததில்ல."

அவரை ஏற்றிக்கொண்டு போவதற்காக லிஃப்ட் காத்திருந்தது. கதவைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு கேப்டன் நின்றிருந்தான். லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு எதற்குக் கேப்டன் என்று பெயர் என்றால், ஒவ்வொரு மாடியிலும் அவன் விமானத்தில் பேசுவதுபோல அறிவிப்பான். "நான்காம் மாடி, அறுவை சிகிச்சைப் பிரிவு. பயணிகள் தங்கள் வலியை லிஃப்டிலேயே விட்டுவிட்டு இறங்கவும்." ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். என்னைவிட ஏழு வயது சின்னவன். அவன் மனைவிக்கும் எங்கள் மருத்துவமனையில்தான் வேலை. தரைத்தளத் தையல் அறையில் ஆபரேஷன் துணிகள், டாக்டர் கோட்டுகள் எல்லாம் தைப்பாள். என்னை அண்ணே என்பாள். நான் தங்கச்சி என்பேன். இப்போது நான் போட்டிருக்கும் இந்த வெள்ளைக் கோட்டு அவள் தைத்ததுதான். 'அண்ணனுக்குச் சீட்டு நிறையச் சேருது' என்று பையை மட்டும் ஒரு சாண் ஆழமாக வைத்துக் கொடுத்தாள்.

அன்று கேப்டன்தான் பஞ்சாயத்துப் பண்ணினான்.

"ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை? நாளைக்கு அந்த நம்பர் ஏறுமா, இறங்குமா? ஆளுக்கொரு சீட்டுல எழுதி மடிச்சுக் குடுங்க, நான் வெச்சிருக்கேன். தோத்தவங்களுக்கு நாளைக்குப் பூரா என் லிஃப்ட்ல இடம் கிடையாது. படிதான்."

ஆட்டம் அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் வார்டைச் சுற்றி வந்ததும் சர்ஜன் ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, வயிற்றை அழுத்திப் பார்த்துத் தன் சீட்டை எழுதுவார். நான் முந்தைய எண்களை வைத்து என் சீட்டை எழுதுவேன். இருவரும் ஒன்றையே எழுதினால் அன்று ஆட்டம் இல்லை. வேறு வேறாக எழுதினால்தான் கணக்கு. ஏழரைக்கு எண் வரும். கேப்டன் சீட்டுகளைப் பிரிப்பான், லிஃப்டுக்குள் சாக்பீஸால் ஒரு கோடு போடுவான்.

முதல் கோடு என்னுடையது. இரண்டாவதும் என்னுடையது. அடித்தளத்திலிருந்து நாலாவது மாடிக்குத் தொண்ணூற்றாறு படி. சர்ஜன் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவதை மருத்துவமனையே வேடிக்கை பார்த்தது. அவரும் சிரித்துக்கொண்டேதான் ஏறினார். பத்தாவது கோடு விழுந்தபோது எனக்கு ஜோசியர் என்று பெயர் வைத்துவிட்டார். வார்டில் நோயாளியைப் பார்க்கும்போதே, 'ஜோசியர் என்ன சொல்றார்னு கேட்டீங்களா?' என்று நர்ஸிடம் கேட்கிறார் என்று கேள்விப்பட்டேன். கேன்டீனில் எனக்கு இடம் விட்டார்கள். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக என்னைத் தேடிக் கீழே ஆள் வந்தது. நல்ல காலம் அது. உண்மையிலேயே நல்ல காலம்.

பன்னிரண்டு கோடு சுத்தமாக என்னுடையது. இதை அழுத்திச் சொல்கிறேன்.

பதிமூன்றாவது ஆட்டத்துக்கு முந்தின வாரம், இயந்திரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிள் கெட்டுப்போனது. இயந்திரம் எண்ணைச் சின்னச் சுருள் காகிதத்தில் அச்சடித்துத் தரும். அதைப் பார்த்து நாங்கள் கம்ப்யூட்டரில் தட்டிப் போட வேண்டும். காலைப் பொழுதில் தட்டுகிறவன் நான். கேபிளை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிப் போட்டேன். நாலாவது முறை எழுதவில்லை.

அந்தப் பதிமூன்றில் நான் இறங்கும் என்று எழுதியிருந்தேன். முந்தின நாள் 3.1. அன்று 3.3 வந்தது. பூஜ்யம் புள்ளி இரண்டு வித்தியாசம், ஐயா. ஒரே ரத்தத்தை இரண்டு முறை போட்டாலே அவ்வளவு மாறும். 2.9 என்று தட்டினேன். அந்த நோயாளி நாலாம் நாள் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். நானே வாசலில் நின்று பார்த்தேன்.

அதன் பிறகு அந்த மாதிரிச் சின்னத் திருத்தங்கள் எட்டு. ஆக மொத்தம் ஒன்பது பேர். ஏழு பேர் நடந்து போனார்கள். மற்ற இருவரும் வயதானவர்கள்.

கோடு நாற்பதைத் தாண்டியதும் சர்ஜனிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. முன்பெல்லாம் ஒரு வயிற்றை நாலு இடத்தில் அழுத்திப் பார்ப்பாராம். இப்போது ஒரு இடத்தில் தொட்டுவிட்டு, 'நம்பர் வரட்டும்' என்கிறாராம். நர்ஸ் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருநாள் லேப் ஜன்னல் விளிம்பில் சாய்ந்துகொண்டு அவரே சொன்னார்.

"ஜோசியரே, அம்பது வரட்டும். மாசாந்திர மீட்டிங்ல எல்லா டாக்டருக்கும் முன்னால எழுந்து நின்னு, என் கை தோத்துப்போச்சுன்னு சொல்லிடறேன். இனிமே வயித்து கேஸ் எல்லாம் உங்க நம்பர் பிரகாரம்தான்."

அப்போது நாற்பத்தெட்டு கோடு இருந்தது. இன்னும் இரண்டு.

அந்த வாரம்தான் கேப்டன் படுத்தான். இரைப்பையில் பழைய புண், ஓட்டையாகிவிட்டது. அவனுடைய லிஃப்டிலேயே அவனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். வலியில் முகம் வெளுத்திருந்தது. அந்த நிலையிலும் நாலாவது மாடி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டே, "கேப்டன் இன்று பயணியாக இறங்குகிறார்" என்றான். ஸ்ட்ரெச்சர் தள்ளியவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சர்ஜன் உடனே ஆபரேஷன் செய்து ஓட்டையைத் தைத்தார். நல்ல கை அவருக்கு. இப்போது சொல்வதில் எனக்கு வருத்தமில்லை.

மறுநாள் காலை பி.சி.டி. 12.4. ஆபரேஷன் ஆன வயிற்றுக்கு அது சகஜம். இரண்டாம் நாள் 8.6. இரண்டும் இயந்திரம் சொன்னது, நான் அப்படியே தட்டினேன். அன்று நான் அவனைப் பார்க்கப் போனபோது தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மூக்கில் குழாய். சர்ஜனும் அங்கே இருந்தார்.

"நாளைக்கு என் கேஸையே ஆட்டத்துக்கு எடுங்க" என்றான். "ரெஃப்ரி ரத்தத்துலயே ஆட்டம். இதுமாதிரி எங்கயும் நடந்திருக்காது."

"ரெஃப்ரி படுத்துட்டா சீட்டை யாருய்யா பிரிக்கிறது?" என்றார் சர்ஜன்.

"என் வீட்டுக்காரி இருக்காளே. என்னால ஒரு ரூபா சம்பளத்தைக்கூட மறைக்க முடியாது அவகிட்ட. அவளை விட நேர்மையான ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டாங்க."

மூன்றாம் நாள் காலை அவள் சீட்டு வாங்க லேப் ஜன்னலுக்கு வந்தாள். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்றாமலே வந்திருந்தாள். ஒரு கையில் சர்ஜனின் சீட்டு. என் சீட்டையும் வாங்கிக்கொண்டு, எண் வருவதற்கு முன்பே இரண்டையும் பிரித்துவிட்டாள். ஆட்ட விதிப்படி அது தவறு, ஆனால் புது ரெஃப்ரி, விட்டுவிட்டேன். என் சீட்டில் 'இறங்கும்'. சர்ஜன் சீட்டில் 'ஏறும்'. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'வயிறு இறுகியிருக்கிறது, தையல் மேல் சந்தேகம்' என்று எழுதியிருந்தார்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க தோத்ததே இல்லல்ல?"

"இதுவரைக்கும் இல்லை" என்றேன்.

"அப்ப இன்னிக்கும் தோக்காதீங்கண்ணே."

இயந்திரம் சுருளைத் துப்பியது. 21.0. லாக்டேட் 2.9. சர்ஜனின் கை சரியாகத்தான் சொல்லியிருந்தது. தையல் எங்கோ விட்டிருந்தது. அன்று காலையே மறுபடி திறந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று உங்கள் அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் நீங்கள் அந்த ஜன்னலில் நின்ற முகத்தைப் பார்க்கவில்லை. அளவு நாடாவின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் கோட்டைத் தைத்துக் கொடுத்தவள். அவளிடம் இருபத்தொன்று என்று எப்படிச் சொல்வது? 5.2 என்று தட்டினேன். லாக்டேட்டை 1.4 ஆக்கினேன். திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவளுக்கு எண் புரியாது, ஆனால் எட்டைவிட ஐந்து சின்னது என்று தெரியும். சிரித்துக்கொண்டே அழுதாள். "உங்க வாயில சர்க்கரை போடணும்ணே" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் ஓடினாள்.

அவளுக்காகத்தான் செய்தேன் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இங்கே உண்மை பேச வந்திருக்கிறேன். சுருளைக் கிழித்துப் பையில் போடும்போது என் கண் போன இடம் அவள் முகமல்ல. அவளுக்குப் பின்னால் தெரிந்த மாடிப்படி.

அன்று மருத்துவமனையில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். சர்ஜன் மறுபடி வயிற்றைத் திறப்பதற்காகத் தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லியிருந்தாராம். அதை ரத்து செய்துவிட்டு எனக்கு போன் செய்தார்.

"என் கை இன்னும் வேற மாதிரிதான் சொல்லுது, ஜோசியரே. மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்ப்பீங்களா?"

"ரெண்டு தடவை போட்டாச்சு மேடம். ரெண்டும் அஞ்சுதான்."

போனிலேயே சிரித்தார்.

"நாப்பத்தொம்பது தடவை தோத்த கை. அது பேச்சை இனிமே யாரு கேக்கறது? ஆனா இந்தத் தோல்வி எனக்குச் சந்தோஷம். நம்ம கேப்டனாச்சே."

அன்று தொண்ணூற்றாறு படியையும் பாடிக்கொண்டே ஏறினார் என்று சொன்னார்கள்.

நாலாம் நாள் எண் 58. லாக்டேட் 6.1.

இந்த இடத்தை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அன்று உண்மை எண்ணைத் தட்டிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஏற்பாடு உண்டு. நேற்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு விழும். மறுபடி சோதித்து, லேப் டாக்டரின் கையெழுத்தும் வாங்கினால்தான் அந்த எண் வெளியே போகும். ஐந்துக்குப் பக்கத்தில் ஐம்பத்தெட்டைப் போட்டால் சிவப்பு விழும், அவர் வருவார், நேற்றைய சுருளைக் கேட்பார். ஆக, உண்மையைச் சொல்லவிடாமல் தடுத்தது அந்தச் சிவப்புக் கோடுதான். அந்த ஏற்பாட்டை மாற்றும்படி உங்கள் சிபாரிசில் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

தேறுகிற வயிற்றின் எண் எப்படிப் பாதிபாதியாகக் குறையும் என்று எனக்கு மனப்பாடம். 2.4 என்று தட்டினேன். லாக்டேட் 1.2. வரைபடத்தில் பார்த்தால் சறுக்குமரத்தில் குழந்தை இறங்குவதுபோல அழகாக இருந்தது. சர்ஜன் அன்று சீட்டே எழுதவில்லை. 'நீங்களே சொல்லுங்க ஜோசியரே' என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதனால் அன்று ஆட்டம் இல்லை. முதல் எண்ணிலிருந்து நூற்றுக்கு எண்பது குறைந்துவிட்டால் கடுமையான கிருமிக்கொல்லி ஊசியை நிறுத்திவிடலாம் என்பது வார்டு வழக்கம். பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைக்கு வந்தாயிற்று. ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

பதினோரு மணிக்கு அவனைப் பார்க்கப் போனேன். லிஃப்டில் பொத்தானை நானே அழுத்த வேண்டியிருந்தது. அறிவிப்பு இல்லாமல் நாலாவது மாடி வந்தது ஒரு மாதிரியாக இருந்தது.

கேப்டன் நிமிர்ந்து படுத்திருந்தான். முழங்கால் இரண்டும் மடக்கியிருந்தான். நெற்றியில் வியர்வை. மூச்சு மேலோட்டமாக ஓடியது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

"அண்ணே, நம்பர் ரெண்டாமே."

"ரெண்டு புள்ளி நாலு" என்றேன்.

"ஆனா வலி குறையலண்ணே. நேத்தைக்கு விட இன்னிக்கு ஜாஸ்தியா இருக்கு. டாக்டரம்மாகிட்ட சொல்லலை. நம்பரே இறங்கிடுச்சு, இவன் என்னடா சிணுங்கறான்னு நினைப்பாங்க. நானே ரெஃப்ரி, நானே ஆட்சேபணை பண்ணக் கூடாது பாருங்க." மூச்சு வாங்கினான். "சொல்லட்டுமாண்ணே?"

நான் அவன் போர்வையைச் சரி செய்தேன்.

"வேணாம் கேப்டன். உடம்பு தேறும்போது அப்படித்தான் கொஞ்சம் வலிக்கும். நம்பர் இறங்கிடுச்சுல்ல, வலி பின்னாலயே இறங்கி வரும்."

"நீங்க சொன்னா சரி" என்றான்.

நாலு மணிக்கு அவனுடைய ரத்த அழுத்தம் விழுந்தது. அவசர சாம்பிள் கீழே வந்தபோது என் வேலை நேரம் முடிந்து வேறொருவர் உட்கார்ந்திருந்தார். 74 வந்தது. சிவப்புக் கோடு விழுந்தது. காலையில் 2.4, சாயங்காலம் 74, இப்படி நடக்கவே முடியாது என்று லேப் டாக்டர் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டார். ரீஏஜென்ட் பெட்டியை மாற்றி மறுபடி போட்டார்கள். கழுவிவிட்டு மறுபடி போட்டார்கள். சரியாகச் சொன்ன இயந்திரத்தை நம்ப ஒன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது. சர்ஜன் வயிற்றைத் திறந்தபோது உள்ளே எல்லாம் கெட்டுப் போயிருந்தது. மறுநாள் பகல் பதினொன்று பத்துக்குக் கேப்டன் போய்விட்டான்.

இயந்திரம் ஐந்நூறு எண்களைத்தான் நினைவில் வைத்திருக்கும். நீங்கள் வருவதற்குள் பழையதெல்லாம் அழிந்துவிட்டது. உங்களுக்குக் கிடைத்தது கம்ப்யூட்டரில் நான் தட்டிய எண்கள் மட்டும்தான். அதை வைத்து நீங்கள் பெட்டியைக் குறை சொன்னதில் தப்பில்லை. நான் சொல்லாமல் உங்களுக்கு எப்படித் தெரியும்?

சர்ஜன் இப்போது ஆபரேஷன் செய்வதில்லை, நீண்ட விடுப்பில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கையை நம்பியிருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அவர் மேல் தவறில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய கையை நம்பவேண்டாம் என்று அவருக்குக் கற்றுக் கொடுத்தவன் நான். ஐந்து மாதம் பிடித்தது. தங்கச்சி மறுபடி தையல் அறைக்கு வந்துவிட்டாள். போன வாரம் இந்தக் கோட்டில் ஒரு பித்தான் தொங்கியதைப் பார்த்து, நிற்க வைத்து, என் மேலேயே வைத்துத் தைத்துவிட்டாள். "நீங்க கடைசி வரைக்கும் அவருக்கு நல்ல வார்த்தையே சொன்னீங்கண்ணே" என்றாள். பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். நான் நன்றி சொன்னேன்.

இதோ அந்தச் சுருள்கள். ஒன்பது பழையது. கேப்டனுடையது இரண்டு, இருபத்தொன்றும் ஐம்பத்தெட்டும். இந்தக் காகிதத்தில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், அதனால் வெளிச்சம் படாமல் இந்த ஆழமான பையிலேயே வைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் இருப்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இயந்திரம் சொன்னதும் நான் தட்டியதும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும்.

இது என் நோட்டு. நாலாம் நாள் காலை ஏழு நாற்பதுக்கு நான் எழுதிய வரியைப் பாருங்கள். '58, 6.1. நாளை மதியத்துக்குள்.' கேப்டன் போனது மறுநாள் பதினொன்று பத்துக்கு. எண்கள் எவ்வளவு துல்லியமாகச் சொல்கின்றன என்று இப்போதாவது ஒத்துக்கொள்வீர்கள். இதை எழுதி மூடி வைத்துவிட்டுத்தான் அவனைப் பார்க்கப் போனேன். இந்த வரியை ஆட்டக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. எதிரில் சீட்டு எழுத ஆளில்லாமல் எழுதியது. விதி விதிதான்.

ஆக, கேப்டனைக் கொன்றது ரீஏஜென்ட் பெட்டி அல்ல, நான். தெரிந்தேதான் செய்தேன். சோதனையை நிறுத்திவிடாதீர்கள். அதனால் பிழைக்கப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. லிஃப்டுக்குள் இருந்த நாற்பத்தொன்பது கோடுகளையும் புதிதாக வந்தவர் ஈரத்துணியால் துடைத்துவிட்டார். பரவாயில்லை, எனக்கு நினைவிருக்கிறது. ஐம்பதுக்கு ஒன்றுதான் குறைகிறது. நீங்கள் மூவரும் என்னை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை இந்தச் சீட்டில் எழுதி மடித்து வைத்திருக்கிறேன். மேஜையின் நடுவில் வைக்கிறேன். தயவுசெய்து முதலில் உங்கள் முடிவை எழுதுங்கள், அதற்குப் பிறகு இதைப் பிரியுங்கள். நான் தோற்றிருந்தால் போலீஸ்காரர்களோடு படியிலேயே இறங்கிப் போகிறேன், முட்டி வலித்தாலும் சரி. ஆட்டத்தில் ஏமாற்றுகிறவன் என்று மட்டும் என்னை யாரும் சொல்லிவிடக் கூடாது.